சாய ஆலைக்குச் சுற்றுச்சூழல் திட்டம் வகுப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் ஒரு சிறிய அல்லது நடுத்தரச் சாய ஆலையில் "இனிமேல் சுற்றுச்சூழல் வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி உங்கள் கையில் ஒரு கோப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டது. அந்தக் கோப்பில் பெரும்பாலும் காலாவதி நெருங்கிய ஓர் இசைவாணையும் (மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி), வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குபவர்) அனுப்பிய நீண்ட கேள்விப்பட்டியலும், சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆலோசகர் ஒருவரின் விலைப்புள்ளியும் இருக்கும். எதை முதலில் எடுப்பது என்று சொல்ல ஆளில்லாமல் இதே வேலையில் நானும் திண்டாடியிருக்கிறேன். கடைசியில் எனக்குத் தெளிவானது இதுதான்: முதலில் அளப்பது, பிறகு சட்டம், அதன்பின் உற்பத்தி முறையில் மாற்றம், எல்லாவற்றுக்கும் பின்னால் சான்றிதழ். இந்த வரிசையைத் தலைகீழாக்கும் ஆலைகள் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்டுகின்றன.

1. உங்களை நெருக்குவது யார் என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆலையிடம் சுற்றுச்சூழல் தொடர்பாக எதையாவது கேட்பவர்கள் அனைவரையும் அதில் எழுதுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியம், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், பையர், வங்கி, பக்கத்து ஊர்க்காரர்கள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், அவர் கேட்பதைச் செய்யாவிட்டால் நடக்கப்போவது என்ன என்பதைக் குறியுங்கள்: ஆலை நிற்குமா, ஆர்டர் போகுமா, செலவு மட்டும் கூடுமா?

இது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் பையரின் மின்னஞ்சல் தினமும் வருவதாலும், வாரியத்தின் கடிதம் எப்போதாவது வருவதாலும், அவசரம் எது, ஆபத்து எது என்ற வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டும் வரை திருப்பூரின் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டதை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்துவிடவில்லை. ஆலையை நிறுத்தக்கூடியதுதான் பட்டியலில் முதலில் வரவேண்டும்.

பையர் கேட்பவற்றில் இரண்டு வகை உண்டு. தடைசெய்யப்பட்ட இரசாயனங்களின் பட்டியலைப் பின்பற்றுவது போன்றவை வணிக நிபந்தனைகள். அவற்றில் பேரம் கிடையாது. மின்சாரம், தண்ணீர், கரியமில வாயு குறித்த கேள்விப்பட்டியல்கள் வேறு வகை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்துள்ளதால், உள்நாட்டுப் பெரு நிறுவனங்களும் தங்களுக்குச் சரக்கு தருபவர்களிடம் இந்த எண்களைக் கேட்கத் தொடங்கிவிட்டன. இந்த இரண்டாம் வகைக் கேள்விகளுக்கெல்லாம் அடுத்த படியில் நீங்கள் சேகரிக்கும் ஒரே எண் தொகுப்பே பதிலாகும். எனவே ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனியாக உட்கார வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி பற்றிச் சிலர் உங்களைப் பயமுறுத்துவார்கள். அது இப்போதைக்கு இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். போல்ட், நட்டு ஏற்றுமதி செய்யும் நண்பர் கவலைப்பட வேண்டும். துணிக்குச் சாயம் போடும் நீங்கள் அதற்காக ஆலோசகருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

2. ஆலைக்குள் வருவதையும் வெளியே போவதையும் அளங்கள்

கடந்த 12 மாதங்களுக்கான மின்கட்டண ரசீதுகள், விறகு எடைச்சீட்டுகள், உப்பு மற்றும் சாயம் வாங்கிய பில்கள், தண்ணீர் மீட்டர் குறிப்புகள், டேங்கர் தண்ணீர் ரசீதுகள், சுத்திகரிப்பு நிலையக் கட்டண பில்கள், ஸ்லட்ஜ் (சுத்திகரிப்பில் சேரும் கசடு) எடைப் பதிவேடு ஆகியவற்றைத் திரட்டுங்கள். மாதவாரியாக ஒரு அட்டவணையில் போட்டு, சாயமிட்ட துணியின் எடையால் வகுங்கள். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிராம் உப்பு, எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிட் மின்சாரம் என்ற நான்கு எண்கள் கிடைத்தால் போதும்.

இங்கே சில பொறிகள் உள்ளன. உற்பத்தி அளவு ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சாயப் பிரிவு மறுசாயம் போட்ட லாட்டையும் (ஒரே தடவையில் சாயமிடும் துணித் தொகுதி) சேர்த்து எண்ணும், கணக்குப் பிரிவு பில் போட்டதை மட்டுமே எண்ணும். பில் போட்ட எடையால் வகுப்பதே நல்லது; மறுசாயத்தின் நட்டம் அப்போதுதான் எண்ணில் தெரியும். அடுத்து, டேங்கர் தண்ணீர் மீட்டரைத் தொடாமல் நேராகத் தொட்டிக்குப் போகும் ஆலைகளில் தண்ணீர்க் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும். மிக முக்கியமானது நிறம். அடர் கறுப்பும் கடல்நீலமும் ஓடிய மாதத்தில் உப்புச் செலவு வெளிர் நிறங்கள் ஓடிய மாதத்தைவிடப் பல மடங்கு கூடியிருக்கும். நிறக்கலவையைக் குறிக்காமல் இரண்டு மாதங்களை ஒப்பிட்டு "முன்னேற்றம்" என்று முதலாளியிடம் காட்டினால், அடுத்த சீசனில் நீங்களே அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

உப்புக் கணக்கைத் தனியாகச் சரிபாருங்கள். சாயத்துக்குப் போட்ட உப்பு துணியில் தங்குவதில்லை. அது முழுவதும் கழிவுநீரோடு போய், மீட்டெடுத்த உப்பாகவோ, மறுபயன்பாட்டு உப்புக் கரைசலாகவோ, யாருக்கும் வேண்டாத கலவை உப்பாகவோ எங்காவது வந்து சேர்ந்தாக வேண்டும். வாங்கிய உப்புக்கும் வந்து சேர்ந்த உப்புக்கும் பெரிய இடைவெளி இருந்தால் மீட்டர் பழுது, குழாய்க் கசிவு, இல்லாவிட்டால் யாரும் பேச விரும்பாத வேறொன்று. வாரியப் பொறியாளர் கேட்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.

இந்தப் படிக்கு ஆகும் செலவு, மீட்டர் இல்லாத இடங்களில் மீட்டர் வைப்பதற்கு மட்டுமே. வெளுப்பு, சாயம், பாய்லர், கேன்டீன் ஆகியவற்றுக்குத் தனித்தனி மீட்டர் வையுங்கள்.

3. அடுத்து, சட்டப் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்

வெளுப்பு, சாயம் என்று ஈரப் பதனிடும் எந்த ஜவுளி ஆலையும் சிவப்பு வகையை, அதாவது அதிக மாசு தரும் தொழில் வகையைச் சேர்ந்தது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படியும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டப்படியும் முதலில் நிறுவுவதற்கான இசைவாணையும், பிறகு இயக்குவதற்கான இசைவாணையும் தேவை. தண்ணீருக்கும் காற்றுக்கும் தனித்தனி ஆணைகள் வரும்; இரண்டின் காலாவதித் தேதிகளையும் பாருங்கள்.

புதிய இடத்துக்கோ விரிவாக்கத்துக்கோ விண்ணப்பிப்பதாக இருந்தால் கீழ்க்கண்டவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு வாரியத்தின் இணையதளத்தில் நுழையுங்கள்:

- கிரயப் பத்திரம் அல்லது குத்தகைப் பத்திரம்
- நிலப் பயன்பாட்டு வகைச் சான்று
- ஆலையின் கட்டட வரைபடம். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள நீர்நிலை, குடியிருப்பு, சாலை ஆகியவற்றைக் காட்டும் இட வரைபடம்
- உற்பத்தி முறையின் படிநிலை விளக்கம், மூலப்பொருள் மற்றும் உற்பத்திப் பொருள் அளவுகள்
- தண்ணீர்க் கணக்கு, பொருள் கணக்கு
- சுத்திகரிப்பு அமைப்பின் வடிவமைப்பு விவரம்
- மொத்த நிலையான சொத்து மதிப்புக்கான பட்டயக் கணக்கர் சான்று

கட்டணம் இந்தக் கடைசிச் சான்றில் உள்ள மதிப்பைப் பொறுத்தது. தேய்மானம் கழிக்காத மதிப்பைத்தான் வாரியம் பார்க்கும். தேய்மானம் கழித்த எண்ணைப் போட்டுக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும், மாதக்கணக்கில் காலம் போகும். இரண்டாவது படியில் அளந்தவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கு கையில் தயாராக இருக்கும். அளக்காதவர்கள் வேறொரு ஆலையின் கணக்கை நகலெடுத்துக் கொடுப்பார்கள். ஆய்வுக்கு வரும் பொறியாளர், சவ்வு வழியாக நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிரிவின் எண்ணைப் பார்த்தவுடன் அது வெளுத்துவிடும்.

நிலம் வாங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் தொழில்களைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டு அரசாணை ஒன்றும், காவிரியும் அதன் துணையாறுகளும் உள்ளிட்ட ஆறுகளிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை அத்தடையை விரித்த 1998ஆம் ஆண்டு அரசாணை ஒன்றும் தமிழ்நாட்டில் உள்ளன. விலை மலிவாக இருக்கிறது என்று ஓர் ஓடைக்கரை நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு இசைவாணைக்கு ஓடாதீர்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும் ஆலையில், கையிலிருக்கும் இசைவாணையின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அதில் மாத உற்பத்தி அளவும், நாளொன்றுக்கான கழிவுநீர் அளவும், பாய்லரின் கொள்ளளவும், எரிபொருளும் குறிப்பிடப்பட்டிருக்கும். இரண்டு புதிய சாஃப்ட் ஃப்ளோ சாய இயந்திரங்கள் இறங்கியதும், விறகுக்குப் பதில் வேறு எரிபொருள் வந்ததும் ஆலையில் எல்லோருக்கும் தெரியும், இசைவாணைக்கு மட்டும் தெரியாது என்ற நிலைதான் நான் அதிகம் பார்த்த குறை. பையரின் ஆடிட்டர்களும் இப்போது இதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

அபாயகரக் கழிவு விதிகளின்படி (2016) தனி அங்கீகாரம் தேவை. சுத்திகரிப்பில் வரும் இரசாயன ஸ்லட்ஜ் 35.3 என்ற வகையிலும், பயன்படுத்திய எண்ணெய் 5.1 என்ற வகையிலும், இரசாயனம் இருந்த காலி டிரம்கள் 33.1 என்ற வகையிலும் வரும். ஸ்லட்ஜை எல்லோரும் கவனிப்பார்கள்; காலி டிரம்மைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் போட்டுவிட்டு மாட்டிக்கொள்வார்கள். பொதுவாக 90 நாட்களுக்கு மேல் தேக்கிவைக்கக் கூடாது. கூரை, கசியாத தரை, எச்சரிக்கைப் பலகை உள்ள தனி அறை வேண்டும். படிவம் 3இல் தினசரிப் பதிவு, வெளியே அனுப்பும்போது படிவம் 10 என்ற இரண்டையும் ஒரே நபரிடம் ஒப்படையுங்கள்.

4. உங்கள் வழியைத் தேர்ந்தெடுங்கள்

சட்டப் பக்கம் சரியான பிறகுதான் தேர்வு என்ற ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. பெரும்பாலான ஆலைகளின் முன் மூன்று வழிகள் இருக்கும். கழிவைச் சுத்திகரிக்கும் கடைசி முனையை மேலும் வலுப்படுத்தலாம். கழிவே குறைவாக உருவாகும்படி உற்பத்தி முறையை மாற்றலாம். இயற்கை வேளாண்மைப் பருத்தி, பாதுகாப்பான சாயம் என்று பொருளையே மாற்றி வேறு சந்தைக்குப் போகலாம்.

என் கருத்தில், உங்கள் ஆலை தனிச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்தாலும் பொது நிலையத்தில் உறுப்பினராக இருந்தாலும், இரண்டாவது வழியில்தான் தொடங்க வேண்டும். காரணம், கழிவுநீரை வெளியேற்றாத ஆலையில் ஒவ்வொரு லிட்டரும் உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் எவாபரேட்டர் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் கட்டணம் கட்டிக்கொண்டே போகிறது; அதிலும் எவாபரேட்டர் நீராவியைக் குடிக்கும் இயந்திரம். சாயப் பிரிவில் மிச்சமான தண்ணீர் இத்தனை இடங்களிலும் மிச்சமாகிறது. பொது நிலையத்தில் உங்களுக்கென்று நாளொன்றுக்கு ஒதுக்கிய அளவு நிரம்பிவிட்டிருந்தால், விரிவாக்கத்துக்கு இருக்கும் இடமும் நீங்கள் குறைக்கும் தண்ணீரில்தான் உள்ளது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500 கிலோ துணியை, ஒரு கிலோவுக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்ற 1:8 விகிதத்தில் ஓட்டினால் ஒரு பாத்துக்கு (இயந்திரத்தை ஒருமுறை நிரப்புவதற்கு) 4000 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் சாய பாத்தில் மட்டும் 240 கிலோ. அதே துணியை 1:6இல் ஓட்ட முடிந்தால் 3000 லிட்டர், 180 கிலோ. ஒரு லாட்டில் 60 கிலோ உப்பு குறைகிறது. வெளுப்பிலிருந்து கடைசிக் கழுவல் வரை பத்து பாத் ஓடும் லாட்டாக இருந்தால் பத்தாயிரம் லிட்டர் தண்ணீரும் குறைகிறது. அந்த 60 கிலோ உப்பை வாங்கவும் வேண்டாம், மீட்கவும் வேண்டாம், கலவை உப்பாகக் கொட்டகையில் அடுக்கி வைக்கவும் வேண்டாம்.

ஆனால் பழைய இயந்திரத்தில் விகிதத்தை மட்டும் குறைத்தால் துணி முறுக்கிக்கொள்ளும், சாயம் திட்டுத்திட்டாக ஏறும், மறுசாயம் போட்டு மிச்சத்தை இரட்டிப்பாக இழப்பீர்கள். எனவே முதலில் இயந்திரம் வாங்காமல் செய்யக்கூடியவற்றைச் செய்யுங்கள். வெளுப்புக்குப் பின் பெராக்சைடை நீக்கப் பல முறை அலசுவதற்குப் பதில் என்சைம் பயன்படுத்தினால் பாத்துகள் குறையும். நீராவிக் குழாய்களில் நீராவி குளிர்ந்து சேரும் கண்டென்சேட் நீரை பாய்லருக்கே திருப்புங்கள்; பாய்லருக்குள் போகும் நீரின் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் கூடினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சமாகும் என்பது பாய்லர்காரர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. கம்ப்ரசரின் அழுத்தத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால் அதன் மின்சாரத்தில் ஆறு சதவீதமாவது குறையும். ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்கள் நின்றிருக்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓட்டி ஆலைக்குள் நடந்தால் கசிவுகள் காதில் விழும்.

ஒவ்வொரு யோசனையையும் எடைபோடும்போது சுத்திகரிப்புச் செலவையும் சேர்த்துப் போடுங்கள். தண்ணீர் விலையையும் உப்பு விலையையும் மட்டும் வைத்துப் பார்த்தால் நல்ல யோசனைகள் பலவும் நட்டமாகத் தெரியும். இயந்திரம் விற்பவர் காட்டும் மிச்சத்தை அப்படியே நம்பாமல், உங்கள் ஆலையின் அடர் நிறம் ஒன்றையும் வெளிர் நிறம் ஒன்றையும் அவர் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மூன்றாவது வழியான பொருள் மாற்றத்தை, எழுத்துமூலம் ஆர்டர் உறுதி தரும் பையர் கிடைத்த பிறகு தொடங்குவதே சிறு ஆலைக்குப் பாதுகாப்பு.

5. பணத்துக்கு எங்கே போவது

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உதயம் பதிவு இல்லாவிட்டால் முதலில் அதை எடுங்கள். கட்டணம் இல்லை, எல்லாத் திட்டங்களுக்கும் அதுவே வாசல். குறையும் கழிவும் இல்லாத உற்பத்திக்கான ஒன்றிய அரசின் ஜெட் (ZED) சான்றிதழ் திட்டத்தில் வெண்கலத்துக்கு 10,000, வெள்ளிக்கு 40,000, தங்கத்துக்கு 90,000 ரூபாய் கட்டணம். குறு நிறுவனத்துக்கு 80 சதவீதமும், சிறு நிறுவனத்துக்கு 60 சதவீதமும், நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீதமும் மானியம். தமிழ்நாடு அரசின் பீஸ் (PEACE) திட்டம் ஆற்றல் தணிக்கைக் கட்டணத்திலும், தணிக்கை பரிந்துரைத்த இயந்திர மாற்றத்திலும் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய விகிதத்தைக் கேளுங்கள். 2025 ஜூலையில் தொடங்கிய ஒன்றிய அரசின் அடீட்டி (ADEETIE) திட்டத்தில் ஆற்றல் சேமிப்பு இயந்திரக் கடனுக்குக் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீத வட்டி மானியமும், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு.

மானியம் கைக்கு வரும்வரை முழுத் தொகையும் உங்கள் பணம்தான். அதை நம்பித் தவணைத் தேதியை வைக்காதீர்கள். தணிக்கைக்கு முன்பே இயந்திரத்தை வாங்கிவிட்டு, பிறகு பில்லை நீட்டினால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

6. சான்றிதழை இப்போது எடுங்கள்

பையர் கேட்கும் சான்றிதழின் பெயரை அவரிடமே எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும் வேலை வேறு. ஐ.எஸ்.ஓ. 14001 ஆலையின் நிர்வாக முறைக்கானது. துணியைப் பற்றி எதுவும் சொல்லாது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 துணியில் தங்கியுள்ள இரசாயனத்தைச் சோதிப்பது. ஆலையின் கழிவுநீரைப் பற்றிப் பேசாது. காட்ஸ் (GOTS) இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தி போன்ற இழைகளுக்கானது. நூலிலிருந்து தையல் வரை சங்கிலியில் உள்ள ஒவ்வொரு ஆலைக்கும் வேண்டும். இசட்.டி.எச்.சி. (ZDHC) வழிகாட்டல்கள் உற்பத்தியில் பயன்படுத்தும் இரசாயனங்களையும் கழிவுநீரையும் பற்றியவை. ஆண்டுக்கு இருமுறை கழிவுநீர்ப் பரிசோதனை கேட்கும்.

ஓகோ-டெக்ஸும் காட்ஸும் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஐ.எஸ்.ஓ. மூன்றாண்டு, இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்பு ஆடிட் உண்டு. ஐ.எஸ்.ஓ. முதல்முறை எடுக்கும்போது இரண்டு கட்டமாக ஆடிட் நடக்கும். இரண்டாம் கட்டத்துக்கு முன் உள் ஆடிட்டும் நிர்வாக ஆய்வுக் கூட்டமும் முடிந்திருக்க வேண்டும், சில மாதப் பதிவேடுகளும் இருக்க வேண்டும். இதற்கு அரை ஆண்டு ஒதுக்குங்கள். "ஒரே வாரத்தில் ஐ.எஸ்.ஓ." என்று வரும் விலைப்புள்ளி அங்கீகாரமில்லாத நிறுவனத்துடையது என்று எடுத்துக்கொள்ளலாம், தாள் அழகாக இருக்கும், பையர் ஏற்கமாட்டார். சான்றளிக்கும் நிறுவனத்துக்கு இந்திய அங்கீகார அமைப்பான என்.ஏ.பி.சி.பி. அல்லது அதற்கு இணையான அமைப்பின் அங்கீகாரம் உள்ளதா என்று அந்த அங்கீகார அமைப்பின் இணையதளத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். சான்றில் குறிப்பிடப்படும் வேலை எல்லையையும் கவனியுங்கள். அலுவலக முகவரியும் "பின்னலாடை வணிகம்" என்ற சொல்லும் மட்டும் இருந்தால் சாயப் பிரிவுக்கு அது செல்லாது.

7. ஆலைக்குள் நடைமுறைப்படுத்துங்கள்

சாய மாஸ்டர் உடன்படாத எந்தத் திட்டமும் இரவு ஷிப்டைத் தாண்டாது. நிறம் தவறினால் அவர் தலைதான் உருளும் என்பதால், தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் உங்களை அவர் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமே. சோதனை லாட்டுகளின் நட்டத்தை நிர்வாகம் ஏற்கும் என்று முதலாளியிடம் எழுதி வாங்கி அவரிடம் கொடுங்கள். அதற்குப் பின் யோசனைகள் அவரிடமிருந்தே வரும்.

அறிவிப்புப் பலகைகளையும் வால்வுப் பெயர்களையும் தமிழில் மட்டும் எழுதாதீர்கள். இயந்திரத்தில் நிற்பவர்களில் ஒடியா, இந்தி பேசுபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உப்பு மிகுந்த சாய பாத் நீரும், உப்புக் குறைந்த அலசல் நீரும் தனித்தனிக் குழாயில் போகும் ஆலையில் ஒரு வால்வைத் தவறாகத் திருப்பினால் எவாபரேட்டரின் ஒருநாள் உழைப்பு வீண்.

பிறகு ஆண்டு நாட்காட்டி ஒன்றைத் தயாரித்துச் சுவரில் மாட்டுங்கள். ஜூன் 30க்குள் அபாயகரக் கழிவுக்கான ஆண்டு அறிக்கை, அதாவது படிவம் 4. செப்டம்பர் 30க்குள் முந்தைய நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கை, படிவம் 5. இசைவாணை முடியும் தேதிக்குப் பல மாதங்களுக்கு முன்பே புதுப்பிப்பு வேலை தொடங்க வேண்டும், ஏனென்றால் வாரிய ஆய்வகத்தின் கழிவுநீர், புகைப்போக்கிப் பரிசோதனை முடிவுகள் கைக்கு வரக் காலமாகும். சான்றிதழ் ஆடிட்டைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒட்டிய வாரங்களில் வைக்காதீர்கள். ஆட்கள் ஊருக்குப் போய் இயந்திரங்கள் நின்றிருக்கும் ஆலையில் ஆடிட்டருக்குப் பார்க்க எதுவும் இருக்காது, மறுபடி வருவதற்கான கட்டணமும் உங்கள் தலையில் விழும்.